முன்னாள் படைவீரரின் மருத்துவமும் அரசின் கடமையும்

கொல்கத்தா மாநகரின் நடுவே, ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில், பரந்த மைதானத்தைத் தனது முன்றிலாகக் கொண்டு ஒரு பழங்கோட்டை நிற்கிறது. வில்லியம் கோட்டை என்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழங்கிவந்த அக்கோட்டைக்கு இப்பொழுது விஜய் துர்க் என்பது பெயர். நமது தரைப்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் வங்காளதேசம் பிறக்கக் காரணமான போர் அங்கிருந்துதான் நடத்தப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 16ஆம் நாள் அங்குள்ள வெற்றிச் சின்னத்தின் முன் மலர்வளையம் வைத்து மாண்ட வீரர்களை வணங்குகிறார்கள். நகரத்து மக்களும் அந்நாளை நினைவு கூர்கிறார்கள்.

அக்கோட்டையிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் அலிப்பூர் வரும். அங்கே கிழக்குப் பிராந்தியத்தின் கமாண்ட் மருத்துவமனை இருக்கிறது. மலர்வளையம் பெறாத வீரர்களை, அதாவது போரில் மாளாமல் மீண்டு வந்து, முதுமையும் நோயும் எய்திய வீரர்களை, அங்கே காணலாம். கோட்டையில் நிகழும் விழாவைப் பற்றிப் பேசுவோர் பலர். மருத்துவமனையின் வரிசையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன். நான் மருத்துவனல்லன், பொருளாதார நிபுணனும் அல்லன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். ஆயினும் ஒரு முன்னாள் ஹவில்தாரின் மகன் என்ற முறையில் இப்பொருளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்தது.

நாட்டுக்காகப் போரிட்டவனை நாடு பேண வேண்டும் என்பது தமிழருக்குப் புதிய கருத்தன்று. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த மரபு நம்முடையது. நடுகல் எடுத்ததோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. போரில் உயிர்நீத்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் அளித்தார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். ஒரு முறை கையில் கொடுத்து அனுப்பும் காசன்று, ஆண்டுதோறும் விளைந்து பயன் தரும் நிலமே அளிக்கப்பட்டது என்பதை இங்கே கருத வேண்டும்.

மருத்துவத்துக்கும் இப்படியொரு முன்மாதிரி உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழனுடைய நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. வீரசோழன் என்ற பெயரால் அங்கே நடைபெற்ற ஆதுலர் சாலையைப் பற்றி அது கூறுகிறது. 15 படுக்கைகள் கொண்ட அச்சாலையில் மருத்துவருக்கும், அறுவை செய்பவருக்கும், மூலிகை கொண்டு வருவோருக்கும், நோயாளியைப் பேணும் பெண்களுக்கும் என்னென்ன ஊதியம், இரவில் எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், எந்தெந்த மருந்துகள் இருப்பில் இருத்தல் வேண்டும் என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. அது படைவீரர்க்கென ஏற்பட்ட சாலையன்று; கோயிலைச் சார்ந்தோருக்கும் மாணாக்கருக்கும் உரியது. ஆயினும் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. செலவு இன்னது என்று எழுதியவர்கள், அச்செலவுக்கான வருவாய் எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே நிச்சயித்தார்கள். வருவாயை உறுதி செய்யாமல் செய்யப்படும் தருமம், எண்ணெயை எண்ணாமல் ஏற்றிய விளக்குப் போன்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டுக்கு முன் ஓய்வு பெற்ற படைவீரரின் நிலை என்ன? படை மருத்துவமனைகளில் இடமிருந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைக்கும். இடமில்லாவிடில் அவரே வேறு வழி தேட வேண்டும். அம்மருத்துவமனைகள் முதன்மையாகப் பணியிலிருக்கும் வீரர்களுக்காக ஏற்பட்டவை; அவை பெரும்பாலும் படைமுகாம் உள்ள ஊர்களிலேயே அமைந்தவை. படைவீரர்களோ ஓய்வு பெற்றபின் தத்தம் கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்த ஊர்களை நேயர்கள் அறிவார்கள். இத்தகைய ஊர்களில் நோயுறும் முதியவருக்குத் தொலைவிலுள்ள படை மருத்துவமனை எட்டாக் கனியாகவே இருந்தது.

இக்குறையைப் போக்க, மத்திய அரசு ஊழியருக்கென 1954இல் தில்லியில் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2002 டிசம்பரில் ஒரு புதிய திட்டத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் அளித்தது. 2003 ஏப்ரல் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் என்று அதனைச் சொல்லலாம். வீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அதனை ஈ.சி.எச்.எஸ். என்றே வழங்குகிறார்கள்.

அதன் அமைப்பு எளியது. நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் உள்ளன. அண்டை நாடான நேபாளத்திலும், நம் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்காகக் காத்மாண்டு, பொக்காரா, தரான் ஆகிய இடங்களில் இவை இயங்குகின்றன. உறுப்பினர் அங்கே மருத்துவரைக் கண்டு மருந்து பெறலாம். நோய் பெரிதானால் மருத்துவர் பரிந்துரைச் சீட்டு எழுதுவார். படை மருத்துவமனைக்கோ, பட்டியலில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்கோ அச்சீட்டுடன் செல்லலாம். நோயாளி பணம் கட்ட வேண்டுவதில்லை. சிகிச்சைச் செலவுக்கு உச்ச வரம்பும் இல்லை. மருத்துவமனை பின்னர் அரசுக்குப் பில் அனுப்பிப் பணம் பெற்றுக் கொள்ளும். உயிருக்கு ஆபத்தான வேளையில் சீட்டில்லாமலும் செல்லலாம். வீரர், அவர் மனைவி, அவரைச் சார்ந்த மக்கள், பெற்றோர் ஆகியோர் அனைவரும் இதில் அடங்குவர். இவ்வாறு பயன்பெற உரியவர்கள் இன்று 60 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

இது சிறந்த திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தத் திட்டத்துக்கும் உயிர்நாடி பணம். ஆகவே இதன் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

பங்களிப்புத் திட்டம் என்ற பெயரைக் கேட்டதும், உறுப்பினர் மாதந்தோறும் பணம் கட்டுகிறார் போலும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியன்று. ஓய்வு பெறும்போது ஒரே ஒரு முறை கட்டுகிறார். 2017ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான ஆணைப்படி, சிப்பாய் முதல் ஹவில்தார் வரையுள்ளோர் 30,000 ரூபாயும், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையுள்ளோர் 67,000 ரூபாயும், அதிகாரிகள் 1,20,000 ரூபாயும் செலுத்துகிறார்கள். 1996 ஜனவரி முதல் நாளுக்கு முன் ஓய்வு பெற்றவர்களும், போரில் ஊனமுற்றவர்களும், போரில் கணவரை இழந்த பெண்களும் ஏதும் செலுத்த வேண்டுவதில்லை.

சிறு கணக்கொன்று போடுவோம். சிப்பாயாகச் சேர்ந்தவர் 40 வயதை ஒட்டி ஓய்வு பெறுகிறார். 80 வயது வரை வாழ்கிறார் என்று கொள்வோம். அவர் செலுத்திய 30,000 ரூபாயை 40 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 750 ரூபாய், மாதத்துக்கு 62 ரூபாய் 50 காசு ஆகிறது. இதில் அவர் மனைவி மக்களுடைய மருத்துவமும் அடங்கும். இக்காலத்தில் ஒரு மருத்துவரை ஒரு முறை காண்பதற்கும் இத்தொகை போதாது. ஆகவே பெயரில் பங்களிப்பு இருப்பினும், செலவின் பெரும்பகுதியை ஏற்பது பொதுக் கருவூலமே. அவ்வாறு ஏற்பது முறையே என்பதும் எனது கருத்து. இளமையை விலையாகக் கொடுத்தவனிடம் முதுமைக்கு வேறொரு விலை கேட்பது நியாயமாகாது.

கருவூலம் எவ்வளவு தருகிறது? 2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஏறத்தாழ 5,431 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024-25இல் அது 6,968 கோடியாகவும், 2025-26இல் 8,317 கோடியாகவும் உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. இக்கடைசித் தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு ஆண்டொன்றுக்கு 13,000 ரூபாயை ஒட்டி வருகிறது. முதியோர் மிகுந்த ஒரு கூட்டத்துக்கு இது அளவுக்கு மீறிய தொகையன்று. எனினும் அரசாங்கம் கையை மூடிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்வதற்கில்லை.

அப்படியானால் குறை எங்கே? பணத்தின் அளவைக் காட்டிலும், அது வந்து சேரும் முறையில்தான் குறை இருக்கிறது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. அதற்கு என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

என் தந்தையார் 24 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி, 1992இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1971ஆம் ஆண்டுப் போரின்போது கிழக்கெல்லையில் இருந்தவர். வேலூர் மாவட்டத்துச் சிற்றூரில் வாழ்ந்துவந்த அவர், என் தாயார் மறைந்தபின் கொல்கத்தாவுக்கு வந்து என்னுடன் தங்கினார். சில ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதக் கடைசியில், அவருக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. பாலிகிளினிக் மருத்துவர் கருத்துடன் சோதித்து, இதயத் துடிப்பு மிகக் குறைந்திருக்கிறது, பேஸ்மேக்கர் கருவி பொருத்த வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தாமதிக்கலாகாது என்று கூறிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அச்சீட்டுடன் பட்டியலில் உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே வரவேற்பு மேசையிலிருந்த இளைஞர் சீட்டைப் பார்த்ததும், படுக்கை இல்லை என்றார். அடுத்து நின்றவர் ரொக்கம் கட்டுபவர். அவருக்குப் படுக்கை இருந்தது. நான் காரணம் கேட்டபோது அவர் தணிந்த குரலில், பழைய பில்கள் பல மாதங்களாகத் தேங்கியிருக்கின்றன, ஏப்ரலுக்குப் பின் வாருங்கள் என்று சொன்னார். மற்றொரு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே முன்பணம் கட்டினால் சேர்த்துக் கொள்கிறோம், பின்னர் அரசிடம் பெற்றுக் கொள்ளுங்கள் என்றார்கள். முன்பணம் கேட்கலாகாது என்பது விதி. விதியை அவர்களும் அறிவார்கள், நானும் அறிவேன். நோயாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விதியைப் பற்றி வாதாட யாரால் முடியும்?

மூன்று நாட்கள் இவ்வாறு கழிந்தன. மூன்றாம் நாள் இரவு அவர் மீண்டும் மயங்கி விழுந்தார். விடியற்காலையில் அலிப்பூர் கமாண்ட் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சேர்த்துக் கொண்டார்கள், கருவியும் பொருத்தினார்கள். வங்காளிச் செவிலி ஒருவர் அவரை "மேஷோமொஷாய்" என்று அழைத்துக் கஞ்சி புகட்டியதை என் தந்தையார் இன்றும் சொல்லி மகிழ்வார். ஆனால் வீடு திரும்பிய அன்று அவர் என்னிடம் சொன்ன வேறொரு சொல்லே என் மனத்தில் தங்கியிருக்கிறது. "வரிசையில நிக்கிறது எனக்குப் பழக்கந்தாம்பா. வரிசை நகரணும், அவ்வளவுதான்" என்றார்.

வரிசை நகராமைக்குக் காரணம் அந்த மேசை இளைஞர் அல்லர்; பாலிகிளினிக் மருத்துவரும் அல்லர். நிதியாண்டின் கணக்கு மார்ச் 31ஆம் நாள் முடிகிறது. நோய்க்கு மார்ச் மாதமும் இல்லை, ஏப்ரல் மாதமும் இல்லை. ஒதுக்கிய பணம் ஆண்டு முடியுமுன்பே தீர்ந்துவிட்டால், பில்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படுகின்றன. அடுத்த ஆண்டின் புதுப்பணத்தில் ஒரு பகுதியைப் பழைய பாக்கி விழுங்கிவிடுகிறது. ஆதலால் அந்த ஆண்டும் முன்னதாகவே பணம் தீர்கிறது. ஒதுக்கீடு ஆண்டுதோறும் உயர்ந்தும் பாக்கி தீராத விந்தை இவ்வாறுதான் நிகழ்கிறது. வட்டியைக் கட்டிக்கொண்டே முதலைத் தீர்க்க இயலாத குடியானவனின் நிலை போன்றது இது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015ஆம் ஆண்டின் 51ஆம் எண் அறிக்கையில் இத்திட்டத்தை விரிவாக ஆராய்ந்து, பில்களைத் தீர்ப்பதில் நேரும் தாமதத்தையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் எடுத்துக் காட்டினார். நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவும் நிதிப் பற்றாக்குறையைப் பன்முறை சுட்டிக் காட்டியுள்ளது.

இரண்டாவது காரணம் கட்டண விகிதம். மத்திய அரசு ஊழியர் திட்டத்தின் விகிதங்களையே இத்திட்டமும் பின்பற்றுகிறது. 2014இல் வகுத்த அவ்விகிதங்கள், இடையிடையே சிறு திருத்தங்கள் பெற்றனவேயன்றி, பத்தாண்டுகளுக்கு மேல் முழுமையாகத் திருத்தப்படவில்லை. 2025 அக்டோபரில்தான் ஏறத்தாழ 2,000 சிகிச்சை முறைகளுக்குப் புது விகிதங்கள் வந்தன. அவ்வாண்டின் இறுதியில் படைவீரர் திட்டத்துக்கும் அவை விரிவாக்கப்பட்டன. இது வரவேற்கத் தக்கது. ஆயினும் இப்புது முறையிலும், கொல்கத்தா, சென்னை போன்ற பெருநகரங்களின் விகிதத்தைவிட இரண்டாம் தர நகரங்களில் நூற்றுக்குப் பத்தும், மூன்றாம் தர ஊர்களில் நூற்றுக்கு இருபதும் குறைவு. சிற்றூரில் இடவாடகையும் ஆட்கூலியும் குறைவு என்பது இதற்குரிய காரணம். அது உண்மையே. ஆனால் மருந்தின் விலையும் கருவியின் விலையும் சிற்றூரில் குறைவதில்லை. கைதேர்ந்த மருத்துவர் சிற்றூருக்கு வர மிகுதியான ஊதியமே கேட்கிறார். படைவீரர் மிகுதியாக வாழ்வது எங்கேயோ, அங்கே நல்ல மருத்துவமனை பட்டியலில் சேரத் தயங்குமானால், சிக்கனம் செய்த பணத்தை நோயாளி இரயில் கட்டணமாகச் செலுத்த நேரும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாளுகின்றன என்பதையும் சிறிது நோக்குவோம். பிரிட்டனில் 1948 முதல் குடிமக்கள் அனைவருக்கும் பொது மருத்துவ சேவை உண்டு. முன்னாள் வீரரும் அதிலேயே சிகிச்சை பெறுகிறார். படைப் பணியால் நேர்ந்த நோய்க்கு அவருக்கு முன்னுரிமை உண்டு. கனடாவில் மத்திய அரசு நடத்திவந்த முன்னாள் வீரர் மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மாகாணங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. கடைசியாக இருந்த மருத்துவமனையும் 2016இல் கியூபெக் மாகாணத்திடம் சென்றது. அமெரிக்க ஐக்கிய நாடு இதற்கு மாறாக, முன்னாள் வீரருக்கென்றே தனி மருத்துவமனைகளை நாடெங்கும் நடத்துகிறது.

அமெரிக்க அனுபவம் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, 2009இல் அந்நாடு இயற்றிய ஒரு சட்டம். வரவு செலவுத் திட்டம் நிறைவேறத் தாமதமாவதால் வீரர் மருத்துவமனைகள் பணமின்றித் தவிப்பதைக் கண்டு, அவற்றின் மருத்துவச் செலவுக்கான தொகையை ஓராண்டு முன்னதாகவே ஒதுக்கிவிட அச்சட்டம் வழி செய்தது. இரண்டாவது பாடம் கசப்பானது. 2014இல் பீனிக்ஸ் நகரத்து வீரர் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருந்த நாட்கள் மறைக்கப்பட்டன என்ற செய்தி வெளியாகி, அத்துறையின் அமைச்சரே பதவி விலக நேர்ந்தது. அதன்பின் 2014இலும் 2018இலும் வந்த சட்டங்களால், குறித்த நாட்களுக்குள் சிகிச்சை கிடைக்காவிடில் வெளி மருத்துவமனைக்குச் செல்லும் உரிமை வீரருக்கு ஏற்பட்டது. பொது மருத்துவத்துக்கு 20 நாள், சிறப்பு மருத்துவத்துக்கு 28 நாள் என்று எல்லை வகுத்தார்கள். பணத்தை முன்னதாக ஒதுக்கினால் மட்டும் போதாது, காத்திருக்கும் நாட்களையும் நேர்மையாக எண்ண வேண்டும் என்பதே இதிலிருந்து தெளிவாகிறது.

இனி, நாம் செய்யத் தக்கவை யாவை? என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைப் பணிவுடன் கூறுகிறேன்.

முதலாவதாக, பழைய பாக்கியையும் புதுச் செலவையும் பிரித்து வைத்தல் வேண்டும். தேங்கியுள்ள பில்கள் அனைத்தையும் ஒரு முறை தனி ஒதுக்கீட்டால் தீர்த்துவிட்டுக் கணக்கைத் தூய்மையாகத் தொடங்க வேண்டும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டின் மதிப்பீடும், சென்ற ஆண்டில் கொடுத்த பணத்தை அடியொற்றாமல், சென்ற ஆண்டில் நேர்ந்த சிகிச்சையை அடியொற்றி அமைதல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. கொடாத பணமும் நேர்ந்த செலவே.

இரண்டாவதாக, மார்ச் 31ஆம் நாள் காலாவதியாகாத நிதியம் ஒன்று இத்திட்டத்துக்கு வேண்டும். இது நம் அரசியல் முறைக்குப் புறம்பான யோசனையன்று. நலவாழ்வுக்கென வசூலாகும் கூடுதல் வரியின் பங்கைக் கொண்டு, காலாவதியாகாத பிரதம மந்திரி ஸ்வாஸ்த்ய சுரக்ஷா நிதியை அமைக்க 2021 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பொது மருத்துவத்துக்கு இயன்றது வீரர் மருத்துவத்துக்கும் இயலும். உறுப்பினர் செலுத்தும் பங்களிப்பை அந்நிதியத்திலேயே சேர்த்தால், தமது பணம் எங்கே போயிற்று என்பதை அவர்களும் அறிவார்கள்.

மூன்றாவதாக, மருத்துவமனைக்கு இத்தனை நாளுக்குள் பணம் தரப்படும் என்று வரையறுத்து, தவறினால் கேட்காமலே வட்டி சேர்த்துத் தர வேண்டும். இதற்குப் பதிலாக, முன்பணம் கேட்கும் மருத்துவமனையையும் படுக்கையை மறைக்கும் மருத்துவமனையையும் பட்டியலிலிருந்து நீக்கத் தயங்கலாகாது. கடனைத் தீர்க்காதவன் அதட்ட இயலாது. தீர்த்தவனே அதட்ட உரியவன்.

நான்காவதாக, கட்டண விகிதம் மறுமுறையும் பத்தாண்டு தூங்கக் கூடாது. ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பச் சிறிதளவு திருத்துவது, பத்தாண்டுக்கு ஒரு முறை பெரிதளவு திருத்துவதைவிட இரு திறத்தாருக்கும் நன்று.

ஐந்தாவதாக, பாலிகிளினிக்குகளை வலுப்படுத்த வேண்டும். அங்கே பணியாற்றும் மருத்துவரும் செவிலியரும் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டவர்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அங்கேயே கட்டுப்படுத்த முடிந்தால், நாளைய அறுவைச் சிகிச்சைகள் பல தேவையற்றுப் போகும். மாதந்தோறும் மாத்திரை கொடுப்பது மலிவு. சிறுநீரகம் பழுதானபின் இரத்தத்தைச் சுத்திகரிப்பது பெருஞ்செலவு.

இந்த யோசனைகளுக்கு மறுப்பு எழாமலிராது. பில்களை விரைந்து தீர்த்தால் பொய்ப் பில்களும் கூடவே நுழைந்துவிடுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேவையற்ற சோதனைகளைச் செய்து தொகையைப் பெருக்கும் மருத்துவமனைகளும் இல்லாமலில்லை. ஆனால் தாமதம் அதற்கு மருந்தன்று. தாமதம் நேர்மையானவனையும் நேர்மையற்றவனையும் ஒன்றாகவே தண்டிக்கிறது. சிறிது காலத்தில் நேர்மையானவன் விலகிவிட, மற்றவனே எஞ்சுகிறான். பணத்தை உரிய காலத்தில் கொடுத்து, பில்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆழ்ந்து தணிக்கை செய்து, குற்றம் கண்டவிடத்துக் கடுமையாகத் தண்டிப்பதே முறை.

வேறு சிலர், இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமே என்பர். காப்பீட்டின் பயன் எதிர்பாராத இடரைப் பலரிடையே பங்கிடுவது. அறுபது இலட்சம் பேருடைய இடரை அரசாங்கம் தானே தாங்க வல்லது. இடையில் ஒருவருக்கு இலாபம் தந்து தாங்கச் செய்ய வேண்டுவதில்லை. மேலும் நிறுவனம் உச்ச வரம்பு கேட்கும். வரம்பில்லாச் சிகிச்சை என்பதே இத்திட்டத்தின் உயிர். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. முன்னாள் வீரர் விரும்பினால் தம் திட்டத்தை விட்டு அதைத் தேர்ந்து கொள்ளலாம். ஆனால் வரம்பில்லாததைக் கையில் வைத்திருப்பவர், வரம்புள்ளதை எதற்காக நாடுவார்? தம் திட்டத்தின் மீது நம்பிக்கை இழந்தாலன்றி நாடமாட்டார்.

இன்னொரு கேள்வியும் நம் முன் நிற்கிறது. 2019 மார்ச்சில், அதுவரை இத்திட்டத்துக்குப் புறம்பாயிருந்த இரண்டாம் உலகப் போர் வீரரும், குறுகிய காலப் பணி அதிகாரிகளும் இதில் சேர அரசாங்கம் கதவைத் திறந்தது. நாடு தன் கடனை நினைவு கூர்ந்த செயல் அது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் வீரரோ நான்கு ஆண்டுகள் பணியாற்றுகிறார். அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிலையான பணிக்கு எடுத்துக் கொள்ளப்படுவர். மற்றவர் ஒரு தொகையுடன் வெளியேறுவர். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இம்மருத்துவமும் இல்லை. நான்கு ஆண்டுப் பணிக்கு வாழ்நாள் மருத்துவம் தர இயலாது என்னும் வாதத்தில் பொருளுண்டு. ஆயினும், பனிமலையில் கெட்ட மூட்டோ நுரையீரலோ பத்தாண்டு கழித்து வேலை காட்டினால் அவ்விளைஞர் எங்கே செல்வார்? படைப் பணியால் நேர்ந்தது என்று நிறுவப்பட்ட நோய்க்கேனும், அது எப்பொழுது வெளிப்பட்டாலும், இத்திட்டத்தில் அவருக்கு இடமளிப்பது அறம். அதற்கான செலவை இன்றே மதிப்பிட்டு வைப்பது விவேகம்.

நேயர்களே, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சிறு செய்தி சொல்லி முடிக்கிறேன். அரசாங்கச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி ஒரு சொல் வரும். அதனைச் சலுகை என்றும் பெயர்க்கலாம். உரிமை என்றும் பெயர்க்கலாம். அகராதி இரண்டுக்கும் இடம் தருகிறது. முன்பெல்லாம் நான் அதிகம் சிந்தியாமல் சலுகை என்றே எழுதி வந்தேன். அந்தப் பிப்ரவரி மாதத்து மூன்று நாட்களுக்குப் பின், அச்சொல் வரும்போதெல்லாம் என் பேனா சிறிது நிற்கிறது. சலுகை என்பது கொடுப்பவன் கையில் பணமிருக்கும்போது கொடுப்பது. உரிமை என்பது பெறுபவனுக்குத் தேவை நேரும்போது கிடைப்பது. நம் திட்டம் எழுத்தில் உரிமையாக இருக்கிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் சலுகையாக மாறிவிடுகிறது. பன்னிரண்டு மாதமும் அதனை உரிமையாகவே வைத்திருக்கும் வழியைக் காண்பதுதான் நாம் வேண்டும் சீர்திருத்தம்.

என் தந்தையார் இப்பொழுது நலமாக இருக்கிறார். மாலை வேளைகளில் மைதானத்தின் ஓரத்தில் மெல்ல நடக்கிறார். கோட்டை கண்ணில் பட்டதும் அவரையறியாமல் முதுகு நிமிரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நானும் அவரும் அலிப்பூர் செல்கிறோம். அங்கே வரிசையில் எப்போதும் சிலர் நிற்கிறார்கள். அவரும் போய் நிற்கிறார், பழக்கத்தோடு, பொறுமையோடு. அந்த வரிசையை நகரச் செய்வது நம்முடைய கடமை.